அசிஸ்ட் எண்ணும் ஜி.பி.ஏ. எண்ணும்: அமெரிக்கக் கல்லூரி செட்டரின் சாதனைக் குறிப்பைப் படிப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரி வாலிபால் அணிகள் பருவ முடிவில் வெளியிடும் வீராங்கனைக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். ஒரு செட்டரைப் பற்றியது என்றால் ஏறக்குறைய இப்படி: "இந்தப் பருவத்தில் 1,150 அசிஸ்ட், ஒரு செட்டுக்குச் சராசரி 10.45, 14 டபுள்-டபுள், ஜி.பி.ஏ. 3.82, அகாடமிக் ஆல்-டிஸ்ட்ரிக்ட் அணியில் இடம்." இதைப் படிப்பவருக்கு ஏதோ பெரிய சாதனை என்று தெரிகிறது. எவ்வளவு பெரியது, எது உழைப்பால் வந்தது, எது சூழலால் வந்தது என்பது தெரிவதில்லை. விளையாட்டு எண்களில் பாதி அணியினுடையவை. கல்வி விருதுகளில் சில போட்டியிட்டுப் பெறுபவை. சில ஒரு வரம்பைத் தாண்டிய அனைவருக்கும் தரப்படுபவை. இந்த வேறுபாடு பிடிபட்டால் குறிப்பின் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

செட்டரின் வேலை

வாலிபாலில் ஓர் அணி பந்தை மூன்று முறைக்குள் எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும். முதல் தொடுகை சர்வீஸை வாங்குவது. மூன்றாவது தொடுகை அடிப்பது. இடையில் உள்ள இரண்டாவது தொடுகை செட்டருக்கு உரியது. களத்தில் உள்ள ஆறு பேரில், ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதலிலும் பந்தைத் தொடுபவர் அவர் ஒருவர்தான். யாருக்கு, எந்த உயரத்தில், எவ்வளவு வேகத்தில் தூக்கிக் கொடுப்பது என்ற முடிவும் அவருடையதே.

அவர் வெறும் பரிமாறுபவர் அல்ல. முன்வரிசைக்கு வரும்போது எதிரணியின் இடதுபக்க அடிப்பவரை வலைக்கு மேல் தடுக்க வேண்டியவரும் அவரே. பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர். அதனால்தான் பயிற்சியாளர்கள் உயரமான செட்டரைத் தேடுகிறார்கள். பின்வரிசையில் இருக்கும்போது அவர் தடுப்பில் சேர முடியாது. மூன்று மீட்டர் கோட்டுக்கு முன்னால் நின்று வலை உயரத்துக்கு மேல் உள்ள பந்தை எதிர்ப்பக்கம் தள்ளவும் முடியாது. ஆகவே ஒரே ஆட்டக்காரருக்கு ஆட்டத்தின் பாதி நேரம் ஒரு வேலை, மறுபாதி நேரம் வேறு வேலை.

அசிஸ்ட் எண் எதை மறைக்கிறது?

செட்டர் தூக்கிக் கொடுத்த பந்தைச் சக ஆட்டக்காரர் அடித்து நேரடியாகப் புள்ளி எடுத்தால், அந்த அடி 'கில்'. தூக்கிக் கொடுத்தவருக்கு ஓர் 'அசிஸ்ட்'. வரையறை எளிது. விளைவுகள் அவ்வளவு எளிதல்ல.

1. அசிஸ்ட் கிடைப்பதை முடிவு செய்பவர் செட்டர் அல்ல, அடிப்பவர். மிக நேர்த்தியாகத் தூக்கிய பந்தை எதிரணி தரையில் விழாமல் எடுத்துவிட்டால் செட்டரின் கணக்கில் எதுவும் ஏறாது. கோணலாகப் போன பந்தை வலிமையான ஸ்பைக்கர் எப்படியோ அடித்துப் புள்ளியாக்கினால் அசிஸ்ட் ஏறிவிடும்.

2. புள்ளிவிவரத் தாளில் 'புள்ளிகள்' என்று ஒரு பத்தி உண்டு. கில், ஏஸ் (சர்வீஸிலேயே நேரடியாக எடுக்கும் புள்ளி), தடுப்பு ஆகியவற்றைக் கூட்டி வரும் எண் அது. அசிஸ்ட் அதில் சேராது. ஆகவே ஆட்டத்தை நடத்திச் செல்பவரின் பெயருக்கு நேரே அந்தப் பத்தியில் இரண்டோ மூன்றோ இருப்பதைப் பார்த்துக் குழம்பத் தேவையில்லை.

3. மொத்த எண்ணைவிட ஒரு செட்டுக்கான சராசரியே பொருளுள்ளது. ஓர் ஆட்டம் மூன்று செட்டிலும் முடியலாம், ஐந்து வரையும் நீளலாம். அடிக்கடி ஐந்து செட் ஆடும் அணியின் செட்டருக்கு மொத்தம் பெருகும். எல்லா ஆட்டத்தையும் மூன்றே செட்டில் முடித்துவிடும் வலுவான அணியின் செட்டருக்குக் குறையும். தனி ஒருவராக முழு ஆட்டத்தையும் நடத்தும் முதல் பிரிவு (கல்லூரி விளையாட்டின் உச்ச நிலை) செட்டருக்கு 10 முதல் 11 என்ற சராசரி நல்ல எண்.

4. அந்தச் சராசரியையும் தனியாகப் பார்ப்பதில் பயன் குறைவு. அருகில் வைத்துப் பார்க்க வேண்டியது அணியின் தாக்குதல் விகிதம்: கில்களிலிருந்து அடிப்பவர்களின் பிழைகளைக் கழித்து, மொத்த முயற்சிகளால் வகுத்தால் வருவது.

நான்காவது கருத்துக்கு ஒரு கணக்கு. முதல் செட்டரின் அணி 40 முறை அடித்து, 15 கில் எடுத்து, 5 பிழை செய்கிறது என்று கொள்வோம். விகிதம் 0.250. இரண்டாவது செட்டரின் அணி அதே 40 முயற்சியில் 13 கில்தான் எடுக்கிறது. பிழை ஒன்றே ஒன்று. விகிதம் 0.300. அசிஸ்ட் பட்டியலில் முதலாமவர் மேலே நிற்பார். ஆனால் இரண்டாமவரின் அணிதான் பந்தை வீணாக்காமல் ஆடுகிறது. வலைக்கு மிக நெருக்கமாகவோ, அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ போகாத பந்துகளைக் கொடுத்ததில் அவருடைய பங்கு பெரிது. அணி விகிதம் 0.250ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 0.300ஐத் தொட்டால் மிகச் சிறப்பு என்பது கல்லூரி ஆட்டத்தில் பொதுவான அளவுகோல்.

இந்த விகிதத்திலும் முதல் தொடுகையின் கை இருக்கிறது. சர்வீஸை வாங்குபவர்கள் பந்தைச் செட்டரின் தலைக்கு மேல் அழகாகக் கொண்டுவந்தால் அவருக்கு மூன்று, நான்கு தேர்வுகள் கிடைக்கும். பந்து மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் சிதறினால் ஓரத்தில் நிற்பவருக்கு உயரமாகத் தூக்குவதைத் தவிர வழியில்லை. எதிரணியின் இரண்டு தடுப்பாளர்களும் அங்கே வந்து காத்திருப்பார்கள். செட்டரின் உண்மையான திறமையை அறிய எனக்குத் தெரிந்த நல்ல வழி, அவர் பெயருக்கு நேரே பார்க்காமல் புள்ளிவிவரத் தாளில் அணியின் நடு ஆட்டக்காரர்களின் எண்களைப் பார்ப்பது. நடுவில் அடிப்பவருக்கு வேகமான பந்து கொடுக்க நல்ல முதல் தொடுகையும் துணிச்சலும் தேவை. அந்த ஆட்டக்காரர்கள் நிறைய முறை அடித்து, உயர்ந்த விகிதமும் வைத்திருந்தால், எதிரணித் தடுப்பை நகரவிடாமல் பிடித்து வைக்கும் செட்டர் அங்கே இருக்கிறார் என்று பெரும்பாலும் நம்பலாம்.

5-1, 6-2: ஒரே வேலை, இருவேறு எண்கள்

5-1 முறையில் ஒரே செட்டர், ஆட்டக்காரர்கள் இடம் மாறிச் செல்லும் ஆறு சுழற்சிகளிலும் களத்தில் இருந்து எல்லாப் பந்துகளையும் தூக்குவார். 6-2 முறையில் இரண்டு செட்டர்கள். இருவரும் பின்வரிசையில் இருக்கும்போது மட்டும் பந்தைத் தூக்குவார்கள். முன்வரிசைக்கு வரும்போது ஒன்று அவர்களே அடிப்பவர்களாக மாறுவார்கள், அல்லது வெளியே போய் அடிப்பவர் ஒருவர் உள்ளே வருவார். முன்வரிசையில் எப்போதும் மூன்று பேர் அடிக்கத் தயாராக இருப்பார்கள் என்பது இதன் ஆதாயம்.

கல்லூரியில் இது சாதாரணமாகக் காணப்படுவதற்குக் காரணம் மாற்று ஆட்டக்காரர் விதி. சர்வதேச ஆட்டத்தில் ஒரு செட்டுக்கு ஆறு மாற்றங்கள்தான். என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் பெண்கள் ஆட்டத்தில் 15 வரை அனுமதி உண்டு. எனவே ஒவ்வொரு சுழற்சியிலும் ஆட்களை மாற்றிக்கொண்டே ஆட முடிகிறது.

எண்ணைப் படிப்பவருக்கு இதன் பொருள் இதுதான்: 6-2 அணியில் ஒரு செட்டுக்கு 5.5 அசிஸ்ட் எடுப்பவர், 5-1 அணியில் 10.5 எடுப்பவரைவிடத் தாழ்ந்தவர் என்று சொல்ல முடியாது. பாதி நேர வேலைக்குப் பாதி எண். இந்தத் தகவலைக் குறிப்பு பெரும்பாலும் சொல்லாது.

டபுள்-டபுளும் வாழ்நாள் மொத்தமும்

ஒரே ஆட்டத்தில் இரண்டு வகைகளில் இரட்டை இலக்கம் தொட்டால் டபுள்-டபுள். 5-1 செட்டருக்குப் பத்து அசிஸ்ட் என்பது முதல் செட் முடியும் முன்பே வந்துவிடக்கூடியது. ஆகவே அவருடைய டபுள்-டபுள் உண்மையில் சொல்வது அவர் பத்து 'டிக்' எடுத்தார் என்பதை மட்டுமே. அதாவது எதிரணி அடித்த பந்தைப் பத்து முறை தரையில் விழாமல் எடுத்தார். பின்வரிசையில் நன்றாகப் பந்தை எடுக்கும் செட்டர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அணி நிறைய நீண்ட ஆட்டங்களில் சிக்கியது என்றும் பொருள் கொள்ளலாம்.

கில், அசிஸ்ட், டிக் மூன்றிலும் பத்தைத் தொடும் டிரிபிள்-டபுள் அரிது. அதிலும் 5-1 செட்டர் பத்து கில் எடுப்பது கடினம். 6-2 முறையில் முன்வரிசையில் நின்று அடிக்கவும் செய்பவருக்கு வாய்ப்பு கூடுதல்.

வாழ்நாள் சாதனைப் பட்டியல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 2001க்கு முன் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். ஒரு செட்டுக்கு 15 புள்ளி. புள்ளியே பிறக்காத ரேலிகள் (சர்வீஸ் முதல் பந்து விழும் வரையிலான ஆட்டம்) ஏராளம், ஆனால் அவற்றிலும் கில்லும் அசிஸ்ட்டும் எண்ணப்பட்டன. 2001இல் ஒவ்வொரு ரேலிக்கும் ஒரு புள்ளி என்ற முறை வந்தது, செட் 30 ஆனது. 2008இல் அது 25 ஆகக் குறைந்தது. ஒரு செட்டின் நீளமே மாறிவிட்ட பிறகு, மூன்று காலத்துச் சராசரிகளையும் ஒரே வரிசையில் அடுக்குவது முறையல்ல. போதாக்குறைக்கு, 2020 பருவத்தில் ஆடியவர்களுக்குப் பெருந்தொற்றை முன்னிட்டு ஒரு பருவம் கூடுதலாகத் தரப்பட்டது. அவர்களில் சிலரின் வாழ்நாள் மொத்தம் நான்கல்ல, ஐந்து பருவங்களின் கூட்டல்.

இந்த மங்கலை மீறி, விருதுத் தேர்வுக் குழுக்களும் பயிற்சியாளர்களும் செட்டரை அடையாளம் கண்டதுண்டு. கென்டக்கி பல்கலைக்கழகம் 2021 ஏப்ரலில் தன் முதல் தேசியப் பட்டத்தை வென்றபோது, அமெரிக்க வாலிபால் பயிற்சியாளர் சங்கமான ஏ.வி.சி.ஏ. அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது அந்த அணியின் செட்டர் மேடிசன் லில்லியை. விஸ்கான்சின் செட்டர் லாரன் கார்லினி, எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான ஜேம்ஸ் சல்லிவன் விருதைப் பெற்ற முதல் வாலிபால் ஆட்டக்காரர். பென் ஸ்டேட் அணி 2007, 2008, 2009 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள் வென்றபோது பந்தைத் தூக்கிக் கொடுத்தவர் அலிஷா கிளாஸ். பின்னர் 2014 உலகச் சாம்பியன் பட்டம் வென்ற அமெரிக்க அணிக்கும் அவரே செட்டர். இவர்களின் மதிப்பைக் காட்டுவது அசிஸ்ட் பத்தி அல்ல. அணிகளின் வெற்றிக் கணக்கு.

2024இல் மாறிய விதி

செட்டரின் கைகளை நேரடியாகத் தொட்ட மாற்றம் ஒன்று 2024 பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை, தூக்கும்போது பந்து இரண்டு கைகளிலும் ஒரே நேரத்தில் படாமல் முன்பின்னாகப் பட்டால் 'டபுள்' என்று நடுவர் ஊதுவார். பந்து சுழன்றுகொண்டே போனால் அரங்கமே கத்தும், சுழற்சி மட்டும் பிழைக்குச் சான்றாகாது என்றாலும். இப்போது என்.சி.ஏ.ஏ. பெண்கள் ஆட்டத்தில், அணியின் இரண்டாவது தொடுகையில் அப்படி நேர்ந்தாலும், பந்து தன் அணிப் பக்கமே இருந்து சக ஆட்டக்காரர் அதை ஆடினால் பிழையில்லை. நேராக வலையைத் தாண்டிப் போனால் பழையபடி பிழைதான்.

விளைவு? சிதறி வரும் பந்தை முன்பு முன்கைகளால் பாதுகாப்பாகத் தட்டிவிட்ட செட்டர், இப்போது ஓடிப்போய் விரல்களால் தூக்கத் துணியலாம். சுத்தமான கைகளுக்காகவே மதிக்கப்பட்ட சிலரின் தனிச் சிறப்பு சற்று மங்குகிறது. வேகமான கால்களும் நல்ல முடிவெடுக்கும் திறனும் உள்ளவர்கள் முன்னுக்கு வருகிறார்கள். நடுவருக்கு நடுவர் மாறுபட்ட தீர்ப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது நிம்மதி. பழைய முறையில் ஊறியவர்களுக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கல்விப் பக்கம்: மூன்று அடுக்குகள்

ஜி.பி.ஏ. என்பது மதிப்பெண்களின் எடையிட்ட சராசரி. ஏ என்றால் 4, பி என்றால் 3. ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் கிரெடிட் அளவுக்கு எடை. நான்கு கிரெடிட் வேதியியலில் பி, மூன்று கிரெடிட் பாடங்கள் இரண்டில் ஏ வாங்கினால் 12 + 12 + 12 = 36; பத்துக் கிரெடிட்டால் வகுத்தால் 3.6. எந்தத் துறையில் வாங்கிய 3.6 என்பதை இந்த எண் சொல்லாது.

இதன் மேல் எழும் விருதுகளையும் நிபந்தனைகளையும் மூன்றாகப் பிரிக்கலாம்.

1. தகுதி. முதல் பிரிவில் சேர்ந்து ஆட, உயர்நிலைப் பள்ளியில் 16 முதன்மைப் பாடங்களும் அவற்றில் குறைந்தது 2.3 சராசரியும் வேண்டும். சேர்ந்த பிறகு இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பின் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 சதவீதம் முடித்திருக்க வேண்டும். இது விருதல்ல, நுழைவுச்சீட்டு. ஆனால் இதன் நெருக்கடி பெரிது: இரண்டாம் ஆண்டு கழித்துத் துறை மாற நினைக்கும் ஆட்டக்காரருக்கு, பழைய பாடங்களில் பல புதிய பட்டத்துக்குக் கணக்காகாமல் போய், ஆடும் தகுதியே ஆட்டம் காணலாம். சாதாரண மாணவிக்கு இந்தக் கவலை இல்லை.

2. வரம்பு தாண்டியோர் பட்டியல். உயர் மதிப்பெண் பெற்றவர்களைக் கல்லூரி அறிவிக்கும் டீன் பட்டியல், கான்ஃபரன்ஸ் எனப்படும் கல்லூரிக் கூட்டமைப்புகளின் கல்விச் சிறப்புப் பட்டியல்கள் இந்த வகை. ஏ.வி.சி.ஏ.வின் அணிக் கல்வி விருது, அணியின் கூட்டுச் சராசரி 3.30 இருந்தால் கிடைக்கும். தாண்டிய எல்லோருக்கும் இடம் உண்டு, யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை.

3. போட்டியிட்டுப் பெறுபவை. குழப்பம் அதிகம் இங்கேதான்.

ஏ.வி.சி.ஏ. தரும் 'ஆல்-அமெரிக்கா' முழுக்க ஆட்டத்துக்கானது. 'அகாடமிக் ஆல்-அமெரிக்கா' வேறு. 1952இல் தொடங்கிய அதை, கல்லூரி விளையாட்டுச் செய்தித் தொடர்பாளர்களின் சங்கம் தேர்வு செய்கிறது. குறைந்தது 3.50 ஜி.பி.ஏ. இருந்தால்தான் பெயர் பரிசீலனைக்கே போகும். அதன் பிறகு ஆட்டச் சாதனையும் எடைபோடப்படும். முதலாண்டு மாணவிகளுக்கு இடமில்லை. முதல் படி மாவட்ட அளவிலான 'ஆல்-டிஸ்ட்ரிக்ட்', அடுத்தது தேசிய அளவு. தொடக்கத்தில் பார்த்த குறிப்பில் இருந்தது முதல் படி.

'எலைட் 90' என்ற பெயரில் அறியப்பட்ட விருது முற்றிலும் வேறு வகை. ஒவ்வொரு தேசியச் சாம்பியன்ஷிப்பின் இறுதிக் கட்டத்துக்கும் வந்த அணிகளில் மிக உயர்ந்த ஜி.பி.ஏ. வைத்திருக்கும் ஒருவருக்கு அது போகிறது. அவர் அணியின் நட்சத்திரமாக இருக்க வேண்டியதில்லை. மாற்று வரிசையில் அமர்ந்தவராகவும் இருக்கலாம். ஆக, அகாடமிக் ஆல்-அமெரிக்கா இரண்டு தராசுகளில் நிறுக்கிறது, எலைட் 90 ஒரே தராசில். இவற்றில் ஒன்றை மற்றொன்றைவிட உயர்ந்தது என்பது அர்த்தமற்றது. ஆனால் ஒரு செட்டரின் குறிப்பில் முதலாவது இருந்தால் அதிக தகவல் கிடைக்கிறது.

நேரக் கணக்கு

பெண்கள் கல்லூரி வாலிபால் பருவம் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி டிசம்பர் வரை, அதாவது இலையுதிர் செமஸ்டர் முழுவதும் நடக்கிறது. பருவ காலத்தில் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம் என்பது உச்ச வரம்பு. வாரம் ஒருநாள் கட்டாய ஓய்வு.

இந்த வரம்பு பெரிய சுமையாகத் தோன்றுவதில்லை, ஆனால் அது எதை எண்ணாமல் விடுகிறது என்று பார்க்க வேண்டும். ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி நேரமாகவே கணக்கிடப்படும். பயண நேரம் கணக்கிலேயே வராது. காயத்துக்கான சிகிச்சையும், எதிரணியின் காணொளியைத் தானாக உட்கார்ந்து பார்ப்பதும் அப்படியே. கடைசியாகச் சொன்னது செட்டருக்கு மற்றவர்களைவிட அதிகம்: எதிரணித் தடுப்பாளர்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் எப்படி நகர்கிறார்கள் என்பதை மனப்பாடம் செய்யாமல் பந்தைப் பங்கிட முடியாது.

2024இல் கூட்டமைப்புகள் கலைந்து சேர்ந்தது இந்தச் சுமையைக் கூட்டியது. கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ.வும் யு.எஸ்.சி.யும், வடமேற்கின் ஓரிகனும் வாஷிங்டனும், மத்திய மேற்கை மையமாகக் கொண்ட பிக் டென்னில் சேர்ந்தன. ஸ்டான்ஃபோர்டு அட்லாண்டிக் கரையின் ஏ.சி.சி.க்குப் போனது. அமெரிக்கக் கால்பந்தின் (ஃபுட்பால்) தொலைக்காட்சி வருமானத்துக்காக எடுக்கப்பட்ட முடிவு. அதன் விமானப் பயணத்தைச் சுமப்பவர்களில், ஆய்வகப் பாடம் எடுத்துப் படிக்கும் வாலிபால் செட்டரும் ஒருவர். 2024க்குப் பிந்தைய 3.8, அதற்கு முந்தைய 3.8ஐவிடச் சற்றுக் கனமானது என்பது என் கருத்து.

தனி மாணவியின் மதிப்பெண் அணியையும் தொடுகிறது. ஏ.பி.ஆர். எனப்படும் கல்வி முன்னேற்ற விகிதத்தில், உதவித்தொகை பெறும் ஒவ்வொருவரும் ஒரு கல்விப் பருவத்தில் (செமஸ்டர்) கல்லூரியில் தொடர்ந்தால் ஒரு புள்ளி, ஆடும் தகுதியோடு இருந்தால் இன்னொன்று. கிடைத்ததைக் கிடைத்திருக்கக்கூடியதால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவார்கள். நான்காண்டுச் சராசரி 930க்குக் கீழே போனால் அணி தேசியச் சாம்பியன்ஷிப்பில் ஆட முடியாமல் போகலாம்.

பணம் நுழைந்த இடம்

மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும், ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் ஐவி லீக்கும் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை. மூன்றாம் பிரிவில் கட்டணச் சலுகையைத் தீர்மானிக்கும் காரணிகளில் நல்ல மதிப்பெண்ணும் ஒன்று. முதல் பிரிவில் பெண்கள் வாலிபால் அணிக்குப் பன்னிரண்டு முழு உதவித்தொகைகள் என்ற வரம்பு நெடுங்காலம் இருந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிரான 'ஹவுஸ்' வழக்கின் உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை எண்ணிக்கைக்குப் பதில் 18 பேர் என்ற அணி வரம்பு வந்திருக்கிறது. கல்லூரியே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரவும் வழி திறந்திருக்கிறது.

கல்விச் சாதனைக்கே பணம் என்ற கதவு அதற்கு முன்பே திறந்தது. 2021 ஜூனில் 'ஆல்ஸ்டன்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பில், கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. விதித்த தடைகள் செல்லாது என்றது. அதன்படி ஒரு கல்லூரி விரும்பினால் ஓர் ஆட்டக்காரருக்கு ஆண்டுக்கு 5,980 டாலர் வரை கல்வி விருதாகத் தரலாம். யாருக்கு, எந்த ஜி.பி.ஏ.வுக்கு, அல்லது தேர்ச்சி பெற்றாலே போதுமா என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்கிறது. ஆகவே ஒரு செட்டர் "கல்விச் சாதனை விருது" பெற்றார் என்று படித்தால், அந்தக் கல்லூரியின் நிபந்தனை என்ன என்று தேடிப் பார்க்காமல் அது இரண்டாம் அடுக்கா, மூன்றாம் அடுக்கா, வெறும் முதல் அடுக்கா என்று சொல்லிவிட முடியாது.